நாயனத்துக்கு ஒயர்லெஸ் கிளிப் மைக் வாங்கலாமா?

நாயனத்தில், அதாவது நாதஸ்வரத்தில், மாட்டுகிற ஒயர்லெஸ் மைக்கின் விலை நன்றாக இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா அண்ணே என்று வத்தலக்குண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜோடி நாயனம் வாசிக்கிறவர், முகூர்த்த நாட்கள் தொடங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறார். பாடிபேக் (இடுப்பில் செருகுகிற, சத்தத்தை அனுப்புகிற பெட்டி), ரிசீவர் (அதை வாங்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பெட்டி), சேனல் பற்றியெல்லாம் அவருக்கும் தெரியும், இதைப் படிக்கிற வாத்தியக்காரர்களுக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, கொடைக்கானலில் கல்யாணம், கோயில், தேர் என்று இந்த மைக்கோடு நான் பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

கிளிப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான்.

நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிற இந்த ரக மைக்குகள் பெரும்பாலும் சாக்ஸபோனுக்காகச் செய்தவை. மெல்லிய பித்தளை விளிம்பைக் கவ்வுகிற மாதிரிதான் கிளிப்பின் வாய் இருக்கும். நாயனத்தில் அதை மாட்ட அணசின், அதாவது கீழே விரிகிற வாயின், விளிம்பை விட்டால் இடம் இல்லை என்று கடைக்காரரும் சொல்வார், ரேடியோ செட்காரரும் சொல்வார். அங்கே மாட்டினால் கேட்கிறது நம் நாயனமே இல்லை. நாதத்தின் பெரும்பகுதி திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகிறது. எல்லாத் துளைகளையும் மூடிக் கீழே நிற்கும்போதுதான் அணசு முழுசாகப் பேசும். அதனால் கீழ் ஸ்வரங்கள் குமுறிக்கொண்டு கேட்கும். மேல் ஷட்ஜத்துக்கு ஏறும்போது சாரீரம் போய், கிறீச்சென்ற ஓசை மட்டும் மிஞ்சும். காம்போதி ராகத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போய் நிறுத்துகிற இடத்தில், கேட்கிறவர்களுக்கு வாசிக்கிறவன் மூச்சு வாங்கிவிட்டான் என்றே தோன்றும். அதோடு சீவாளி (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு) வழியாக இறங்குகிற ஈரம் முழுக்க அணசு வழியாகத்தான் சொட்டும். ஈரம் ஆகாத கண்டென்சர் மைக்கை அதற்கு எதிரில் கொண்டுபோய் வைப்பது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

சரி, உடலில் மாட்டலாம் என்றால் வேறு வம்பு. நாயனத்தில் 12 துளைகள். விரலுக்கு ஏழு, அப்புறம் கீழே பிரம்மசுரம் ஒன்று, பக்கத்துக்கு இரண்டாக ஜீவசுரம் நான்கு. விரல் படாத துளைகள்தானே என்று அவற்றின் மேல் கிளிப்பை இறுக்கினால் சுருதி போய்விடும். ஆசாரி சுருதி பார்த்துப் போட்ட துளைகள் அவை. சிலவற்றை மெழுகு வைத்து அடைத்து நாமே சரிசெய்துகொள்கிறோம், அந்த மெழுகை ஒரு கிளிப் நசுக்கினாலும் வித்தியாசம் காதில் விழும். ஆக மிச்சம் இருப்பது கடைசி விரல் துளைக்கும் பிரம்மசுரத்துக்கும் நடுவில் உள்ள கொஞ்ச இடம். உருண்டையான, கீழே போகப் போகப் பருத்துக்கொண்டே போகிற, எண்ணெய் ஊறிய ஆச்சா மரம். பித்தளை விளிம்புக்குச் செய்த கிளிப் அதில் எப்படி நிற்கும்? சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, அதன் மேல் வெல்க்ரோ போட்டு, அதில் கிளிப்பைக் கவ்வ விட்டிருக்கிறேன். நிற்கிறது. ஆனால் நாலு கீர்த்தனை வாசிப்பதற்குள் மைக்கின் வளைகிற கழுத்து தானாகத் தொங்கி, வலது கை மோதிர விரலில் வந்து முட்டும். பல்லவியின் நடுவில் கையை எடுத்து அதை நிமிர்த்துவது எவ்வளவு எரிச்சல் என்று வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தனை கோயில், இத்தனை கல்யாணம், இத்தனை வித்வான்கள் இருக்கிற நாட்டில் நாயனத்துக்கென்று செய்த ஒரு கிளிப்பை நான் இதுவரை கண்டதில்லையே என்பதுதான் என் கோபம். வயலினுக்குத் தனிக் கிளிப் இருக்கிறது, டிரம்பெட்டுக்கு இருக்கிறது, செல்லோவுக்கும் இருக்கிறது.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும். கழுத்து சரியாக நிற்கிற நேரத்தில், மைக் நாலாவது ஐந்தாவது துளைகளை ஒரு சாண் தூரத்திலிருந்து பார்க்கும்படி வைத்தால் கிடைக்கிற நாதம் அற்புதம். அதற்கும் கிட்டே வைத்தால் ஒரு ஸ்வரம் தூக்கும், அடுத்தது அமுங்கும். தள்ளி வைத்தால் தவில் உள்ளே வந்துவிடும். ஸ்டாண்டு மைக்கில் வாசித்த காலத்தில் நாயனத்தைத் தூக்கினாலோ திருப்பினாலோ சத்தம் ஏறி இறங்கும், அதனால் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்போம். இப்போது அந்தக் கவலை இல்லை. அதைவிடப் பெரியது, சன்னமாக வாசிக்க முடிகிறது. காற்றை அடக்கி நீலாம்பரியில் ஒரு பிடி பிடித்தால், பந்தியில் இலை போடுகிறவர் வரைக்கும் அது போய்ச் சேர்கிறது. மண்டபச் சத்தத்தை மீறி ஊதியே ஆக வேண்டும் என்று பழகிய நமக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! முன்பு கூட்டம் அடங்கட்டும் என்று ஒதுக்கி வைத்த ராகங்களை இப்போது கல்யாணத்திலேயே எடுக்கிறேன்.

தவில் உள்ளே வராமல் இருக்க மைக் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற கார்டியாய்டு ரகமாக இருக்க வேண்டும். நாலா பக்கமும் கேட்கிற ரகத்தை வாங்கினால் பக்கத்தில் நிற்கிற தவில்காரரின் வலந்தலைதான் (வலப்பக்கத் தோல்) ஸ்பீக்கரில் முதலில் வரும். தாங்கும் சத்த அளவையும் பாருங்கள். பித்தளை வாத்தியங்களுக்கென்று வரும் நல்ல கிளிப் மைக்குகள் 140 டெசிபலுக்கு மேலும் தாங்கும். ரீல்ஸ் எடுக்க விற்கிற காலர் மைக் நாயனத்துக்கு முன்னால் உடைந்துபோன குரலில்தான் பேசும்.

பூம்பாறையில் குழந்தை வேலப்பர் தேருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசிக்கும்போதுதான் ஒயர்லெஸ்ஸின் அருமை தெரியும். அதன் குறையும் அங்கேயே தெரியும். மேகம் இறங்கி எதிரில் வருகிறவர் முகம் தெரியாதபோது மைக் விட்டு விட்டுக் கேட்டால், பனிமூட்டம் சிக்னலை மறைக்கிறது என்பார்கள். அது இல்லை. இந்த மைக்குகள் வேலை செய்கிற அலைவரிசையில் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை, மனித உடம்புதான் பொருட்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் குடித்துவிடும். பாடிபேக்கை இடுப்பில் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு, ரிசீவர் முன்னால் போகிற ஜீப்பில் இருந்தால், நடுவில் நம் உடம்பே ஒரு சுவர். அதற்கு மேல் வடம் பிடிக்கிற கூட்டம், ஆளுக்கு ஒரு செல்போன். தேர் நிலையில் நிற்கும்போது சோதித்துப் பார்த்துச் சரியாக இருந்தது என்று நம்பக் கூடாது, கூட்டம் கூடின பிறகுதான் சோதனை. ரிசீவரை ஜீப்பின் கூரைக்கு ஏற்றி, பாடிபேக்கை முன்பக்கம் செருகினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இதைவிடக் குறைந்த அலைவரிசையில் ஓடுகிற யுஎச்எஃப் செட் கூட்டத்தில் இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் பழைய செட் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுப்பவர்கள் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 703 முதல் 748, 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசை செல்போன் சேவைக்கென்று ஒதுக்கப்பட்டது, அதில் ஒரு பகுதி 2022 ஏலத்தில் விற்றும் போய்விட்டது. அந்த எண்ணில் ஓடுகிற மைக் ஒரு ஊரில் பேசும், டவர் உள்ள அடுத்த ஊரில் இரையும்.

ஒயர்லெஸ்ஸில் சத்தம் ஸ்பீக்கருக்கு வந்து சேருகிற தாமதத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 5 மில்லிசெகண்ட் என்றால் ஒலி காற்றில் ஐந்தரை அடி போகிற நேரம், தவில்காரர் அந்தத் தூரத்தில் நின்றாலும் தாளம் சேரத்தானே செய்கிறது? புளூடூத் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் தாமதம் அதிகம்.

பனிமூட்டம் கெடுப்பது மைக்கின் உள்ளே. குளிரில் நடந்துவிட்டு அடுப்புச் சூடு உள்ள மண்டபத்துக்குள் நுழைந்ததும் மைக்கின் முனையில் ஈரம் படியும். கரகரவென்று ஒரு சத்தம் வரும், சிலர் அதை வயர் கோளாறு என்று கழற்றிப் போடுவார்கள். ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைத்து, உள்ளே போன பிறகு சற்று நேரம் கழித்துத் திறந்தால் போதும். சுருதி இறங்குகிறது என்று மைக்கைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. குளிர்ந்த காற்றில் ஊதுகிற எந்த வாத்தியமும் இறங்கும், சுருதிப் பெட்டி இறங்காது. அதில் மைக்குக்குப் பங்கே இல்லை.

போன வாரம் கழுத்துக்குக் கீழே வயர் உள்ளுக்குள் அறுந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் மைக்கை முழுசாகத்தான் மாற்றுவோம் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். தோலைச் சீவி, முடி மாதிரி இருந்த கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தார். வயர் அறுந்ததும் தற்செயல் இல்லை. தொங்குகிற கழுத்தைத் தினமும் நிமிர்த்தி நிமிர்த்தித்தான் அறுந்தது. எல்லாம் அந்தக் கிளிப்பில் வந்து நிற்கிறது.

அதனால் தம்பி, இன்றைக்கு என்னைக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்பாய். நாதம் நன்றாக இருக்கிற பொருளைக் கையில் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருந்தால் அது யாருக்கு வேண்டும்? நான் விடப்போவதில்லை, என் கை அதற்குப் பழகிவிட்டது. உனக்கு அந்தச் சிரமம் எதற்கு? இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதே. நாயனத்தையும் ஒரு சைக்கிள் டியூப் பட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போ. அணசில் மாட்ட விடாதே, உடலில் மாட்டச் சொல், ஒரு வர்ணம் முழுசாக வாசி. கழுத்து தொங்கி விரலில் முட்டினால் பணத்தை எடுக்காமல் திரும்பி வா.