யானைக்கு வேலியா, ஊருக்குச் செய்தியா?

யானை நடமாடும் ஊர்களில் பயிரையும் உயிரையும் காக்கும் இரண்டு வழிகளைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும்: சூரிய மின்வேலி, முன்னெச்சரிக்கை.

மின்வேலி பயிரைக் காக்கும். விட்டுவிட்டுப் பாயும் மின்துடிப்பு வலிக்கும், கொல்லாது. வாழையும் கரும்பும் போட்டவருக்கு இது சரியான காவல்தான். ஆனால் கம்பியில் கொடி படர்ந்தால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும், விடாமல் வெட்டவேண்டும். யானையும் கற்றுக்கொள்கிறது. மரத்தைச் சாய்த்துக் கம்பியை அமுக்கும், மின்சாரம் ஏறாத தந்தத்தால் அறுக்கும். அப்புறம், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகக் கொடுப்பது வேலியே அல்ல, கொலை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன.

வால்பாறையின் நிலைமை வேறு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலேயே யானை நடக்கிறது. வேலியை எங்கே போடுவது? அங்கே மனித உயிர்கள் போனது பெரும்பாலும் இருட்டில் எதிர்பாராமல் யானை முன்னால் போய் நின்றதால். அதனால் வனத்துறையும் ஆனந்த குமார் போன்ற ஆய்வாளர்களும் யானை நிற்கும் இடத்தை முன்கூட்டியே மக்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கினார்கள்: குறுஞ்செய்தி, கேபிள் டிவியில் ஓடும் வரி, கைப்பேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்கு. இந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

யானை உடைத்துத் தின்னும் ரேஷன் கடை அரிசியைச் செய்தி காக்காது, உண்மைதான். ஆனாலும் வேலை முடிந்து இருட்டில் நடந்து வரும் தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் முதலில் வேண்டும் என்பேன்.