நன்கொடை மிதிவண்டிகளைச் செப்பனிடும் வேலூர்ப் பட்டறை: ஒரு மதிப்பீடு

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கும் சைக்கிள் பட்டறையைப் பற்றிய மதிப்பீடு இது. சத்துவாச்சாரி, காந்தி நகர் குடியிருப்புகளின் மாடிப்படிக்கு அடியிலும், படிப்பை முடித்த மாணவர்கள் விட்டுச் சென்ற விடுதி வளாகங்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளை நண்பர்கள் சிலர் சேர்ந்து கேட்டு வாங்கி, இங்கே ஓவராலிங் செய்து, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து மலையடிவார ஊர்களுக்குக் கொடுத்து வருகிறோம். இதே வேலையை வேறு கடைகளிலும் கொடுத்துப் பார்த்திருப்பதால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிப்பவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்காக அடுத்த ஊருக்குப் போக வேண்டிய பிள்ளைகளுக்கும், விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர்களுக்கும் அது இல்லை. எங்கள் வண்டிகள் பெரும்பாலும் இவர்களிடம்தான் போய்ச் சேருகின்றன.

வெளிநாடுகளில் இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1991-இல் தொடங்கிய பெடல்ஸ் ஃபார் புரோகிரஸ் என்ற தொண்டு அமைப்பும், இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் 1998-இல் தொடங்கிய ரீ-சைக்கிள் என்ற அமைப்பும் பழைய வண்டிகளைத் திரட்டி, பெடலைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பி, கன்டெய்னரில் நூற்றுக்கணக்கில் நெருக்கி அடுக்கி ஏழை நாடுகளுக்குக் கப்பலேற்றி வந்துள்ளன. 2004 ஆழிப் பேரலைக்குப் பிறகு இலங்கையில் பணியைத் தொடங்கிய வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் வேறு வழியில் போயிற்று. பழைய வண்டிகளைத் திரட்டாமல், கனத்த இரும்புச் சட்டம் கொண்ட ‘பஃபலோ’ என்ற வண்டியைப் பின்னர் தானே உருவாக்கி, ஆப்பிரிக்கக் கிராமங்களில் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கொடுத்தது. கொடுத்த வண்டி பழுதாகும்போது பாகமும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு.

நம் பட்டறைக்காரர் இவற்றையெல்லாம் கேள்விப்பட்டவர் அல்லர். ஆனாலும் அவருடைய கணக்கும் அதுவே. பளபளப்பான கியர் வண்டி ஒன்றை இறக்கியபோது, “சார், இதுக்கு ஒடுகத்தூர்ல யாரு சாமான் வெச்சிருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்டார். “நீங்களே சொல்லுங்க பாய்” என்றதற்கு, “கழட்டிட்டு சிங்கிள் ஃப்ரீவீல் போட்டுடலாம்” என்றார். அதாவது, கியர் அடுக்குக்குப் பதிலாகப் பின்சக்கரத்தில் ஒரே பல்சக்கரம்.

சொல்வதுபோல அது அத்தனை சுலபமான வேலையன்று. பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூட்டில்) ஃப்ரீவீலை மரையில் ஏற்றி முறுக்கும் வகையாக இருந்தால், பல அடுக்குப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நம் ஊர் ஃப்ரீவீலை அதே மரையில் ஏற்றிவிடலாம். பல்சக்கரங்களை ஹப்பின் மேல் செருகி வைக்கும் கேசட் வகையாக இருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும். அடுத்தது செயின் தொய்வு. பழைய மாதிரி வண்டிகளில் ஆக்சில் உட்காரும் வாய் படுக்கைவாட்டில் நீண்டிருப்பதால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து செயினை விறைப்பாக்க முடியும். புதிய கியர் வண்டிகள் பலவற்றில் அந்த வாய் செங்குத்தாக இருப்பதால் இழுக்க வழியில்லை. அப்படிப்பட்ட வண்டியில் பின்பக்க டெரெய்லரை (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் பாகத்தை) எடுக்காமல், கேபிளை மட்டும் நீக்கி, ஸ்க்ரூவைத் திருகி ஒரே பல்லுக்கு நேராக நிறுத்தி, செயினை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு மட்டும் அதை விட்டுவைக்கிறார். முன்பு கொடுத்த ஒரு கடையில் செயினைத் தொங்கலாகவே விட்டு அனுப்பினார்கள். மேட்டில் எழுந்து நின்று மிதித்த ஒரு பிள்ளைக்கு அது கழன்று முட்டி சிராய்த்தது.

டயர் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். நம் ஊர்ப் பழைய 28 × 1½ டயருக்கான ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; இப்போதைய ஹைபிரிட் வண்டிகளில் வரும் 700சி டயரும் 28 என்றே அச்சாகி வந்தாலும் அதன் விட்டம் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. ஆகவே, டயர் போனால் மாற்று கிடைக்காது என்று 700சி வண்டிகளை அவர் மலையடிவாரத்துக்கு அனுப்ப ஒப்புவதில்லை. வேலூருக்குள்ளேயே வேலைக்குப் போகிற யாருக்காவது கொடுக்கச் சொல்கிறார். மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், கிராமத்துப் பம்பு அதைப் பிடிக்காது என்பதால், ரிம் அகலம் இடம் கொடுக்கும் வண்டிகளில் துளையை 8 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, வால் டியூப் போடும் சாதாரண டியூபை மாட்டிவிடுகிறார்.

ஓவராலிங் என்றால் பல கடைகளில் துடைத்து எண்ணெய் விடுவதோடு சரி. இங்கே ஹப், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், ஹேண்டில் திரும்பும் கப் மூன்றையும் பிரித்து, பால்ரஸ் (இரும்புக் குண்டுகள்) முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் உருட்டிப் பார்க்கிறார்கள். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பதாக, கால் அங்குல அளவுள்ள குண்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்று மங்கியிருந்தாலும் ஒன்பதையும் மாற்றுகிறார், ஏனென்றால் தேய்ந்தவற்றோடு புதியதைக் கலந்தால் பாரம் முழுவதும் புதியதன் மேலேயே விழும். கிரீஸ் வைத்து, குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கிய பிறகு, சக்கரத்தை தரையிலிருந்து தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுக்கிறார். வால்வின் கனத்தாலேயே சக்கரம் மெல்லத் திரும்பி, முன்னும் பின்னும் ஆடி, வால்வு அடிக்கு வந்து நிற்க வேண்டும். நடுவில் சிக்கினால் கோனை மயிரிழை தளர்த்தி மறுபடியும் பார்க்கிறார். பையன்களை அவசரப்படுத்தாமல் இதைச் செய்யக் கற்றுக்கொடுப்பதையும் கவனித்தேன். சட்டத்தில் விரிசல் கண்டால், அதிலும் அலுமினியச் சட்டமாக இருந்தால், வெல்டிங் பேச்சுக்கே இடம் தராமல் வண்டியை உதிரி பாகத்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார்.

குறைகளும் உண்டு. பிரேக் கட்டையில் அவர் காட்டும் சிக்கனத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கத்தான் செய்யும். அதற்கு மேல் மலிவான கட்டையையும் போட்டால், சரிவுச் சாலையுள்ள ஊர்ப் பிள்ளைகள் காலைத் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். இப்போது கட்டைகளை நாங்களே வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மணி, பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டையும் கேட்டால்தான் போடுவார். ரசீது ஒரு துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகையாக மட்டும் வரும். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது தலைவலிதான். “நாளைக்கு வாங்க சார்” என்ற சொல்லை நம்பி, வண்டிகளை ஏற்றும் டெம்போவை முன்கூட்டியே பேசி வைக்காதீர்கள்.

சாமான்களை வாங்கிய விலைக்கே போட்டு, கூலியில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஏறக்குறைய நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்குப் புது வண்டி விலையில் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை. இரண்டு டயரும் செயினும் போக வேண்டிய வண்டியானால் செலவு கணிசமாக ஏறும், அப்போது அவரே வேண்டாம் என்று தடுத்துவிடுவார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வண்டிகள் தேவை என்றால் ஏப்ரல் முடிவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை சாத்தியிருக்கும். சிறு குழந்தைகளுக்கான பக்கச் சக்கர வண்டிகளை அவர் எடுப்பதில்லை.