பிளாஸ்மா டேபிளில் லேசர் மாட்டி மூன்று வருஷம்: பாலக்கோடு தம்பி கேட்டதற்காக

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணினார். புதுசாக சிஎன்சி பிளாஸ்மா டேபிள், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் பிளாஸ்மா டார்ச்சால் தகடு வெட்டும் மெஷின், இறக்கியிருக்கிறார். "அண்ணா, டார்ச் பக்கத்துல லேசர் மாட்டலாமா, இல்ல காசு வேஸ்ட்டா?" அன்றைக்குக் காலையில்தான் மூன்றாவது தடவையாக லேசர் பிராக்கெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்திருந்தேன். அந்தக் கடுப்பில் "வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டேன். அது பாதி பதில்தான். மீதி இது. இந்த லேசர் வெட்டாது, தகட்டின் மேல் குறுக்குக்கோடு அடித்து வெட்டு எங்கே விழும் என்று காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

பட்டறை கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை ரோடு. மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு பேஸ் பிளேட், ஃபிளேஞ்ச், குசெட் மாதிரி தகட்டு உருப்படிகள். பர்கூர் பக்கம் கிரானைட் யூனிட்டுகளுக்கு டிராலி சாமான். முழு ஷீட் வெட்டுகிறவருக்கு லேசர் தேவையே இல்லை. மூலையில் முட்ட வைத்து ஓட்டிவிடலாம். லேசர் தன் கூலியைச் சம்பாதிப்பது மிச்சத் தகட்டில்.

1250-க்கு 2500, 6 மில்லி ஷீட் ஒன்று 147 கிலோ. அதில் மூலை மூலையாக மிஞ்சுவதை முன்பெல்லாம் சுவரோரம் சாய்த்து வைத்து, கடைசியில் காயலான் கடைக்குத்தான் போடுவோம். டார்ச் முனையைக் கண்ணால் குறிபார்த்து அந்தத் துண்டுக்குள் ஒரு பீஸை அடக்க யாருக்கும் தைரியம் வராது. இப்போது லேசர் குறுக்குக்கோட்டை விளிம்பில் ஒரு புள்ளியில் வைத்து, அதே விளிம்பில் தள்ளி இன்னொரு புள்ளியிலும் வைத்தால் தகடு எத்தனை டிகிரி கோணலாகக் கிடக்கிறது என்று சாஃப்ட்வேரே கணக்குப் போட்டு புரோகிராமைத் திருப்பிக்கொள்கிறது. தகட்டைக் கடப்பாரையால் நெம்பி நேராக்கும் வேலை போயிற்று. சுவரோரம் காலியாகிப் பல மாதம் ஆகிறது. இந்தச் சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நிறம் பச்சையாகவே வாங்குங்கள். முதலில் போட்டது 650 நானோமீட்டர் சிவப்பு. எங்கள் ஷெட் கிழக்குப் பார்த்தது, பத்து மணி வரை அந்தக் கோடு இருந்த இடமே தெரியாது. 520 நானோமீட்டர் பச்சை, அதே சக்தியில், மனிதக் கண்ணுக்கு ஆறு மடங்குக்கு மேல் பளிச்சென்று தெரியும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேசர் செங்குத்தாக நிற்க வேண்டும். டார்ச் முனையை நோக்கிச் சாய்த்து வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 10 டிகிரி சாய்வுக்கு ஒவ்வொரு 10 மில்லி உயர மாற்றத்திலும் கோடு 1.76 மில்லி நகரும். 3 மில்லி தகட்டில் எடுத்த ஆஃப்செட், அதாவது கோட்டுக்கும் டார்ச் முனைக்கும் உள்ள தூரம், 16 மில்லி தகட்டில் பொய்யாகிவிடும். லேசர் வயரை டார்ச் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். டார்ச்சைப் பிடித்திருப்பது காந்த மவுண்ட். வெட்டின துண்டு, தகட்டைத் தாங்கும் டேபிள் பட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்று இடித்தால் டார்ச் கழன்று தப்பிக்கும். நல்ல யோசனைதான், என் டார்ச்சைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இரும்புத் தூசி பறக்கும் இடத்தில் காந்தம் திறந்து கிடந்தால் என்ன ஆகும்? காந்தத்தின் முகத்தில் தூசி ஒட்டுகிறது, திரும்ப மாட்டும்போது டார்ச் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காருகிறது. 50 மில்லி அகல மவுண்டில் ஒரு ஓரத்தில் 0.2 மில்லி தூசி போதும், 150 மில்லி கீழே இருக்கும் முனை 0.6 மில்லி தள்ளிப் போகும். லேசரோ மவுண்டுக்கு மேலே, டார்ச்சை ஏற்றி இறக்கும் இசட் பிளேட்டில் அசையாமல் இருக்கிறது. அதாவது லேசர் காட்டுவது டார்ச் இப்போது இருக்கும் இடத்தை அல்ல, நான் கடைசியாக அளந்தபோது டார்ச் இருந்த இடத்தை.

போன மாங்காய் சீசனில் 12 மில்லி மிச்சத் தகட்டில் பதினோரு பேஸ் பிளேட் நெருக்கி அடுக்கினோம். கோடு விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெட்டி முடித்துப் பார்த்தால் ஓரத்து நாலு பீஸில் ஒரு பக்கம் தகடே இல்லை. மறுநாள் காலை டெலிவரி. ராத்திரி ஒரு மணிக்குப் புது ஷீட் ஏற்றினோம்.

விற்றவரிடம் கேட்டால் "எல்லாரும் இப்படித்தான் மாட்டுறாங்க" என்கிறார். சரி, லேசரையே மவுண்டுக்குக் கீழே, டார்ச்சோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். பியர்சிங்கில், அதாவது வெட்டத் தொடங்கும் துளை போடும்போது, தெறித்த நெருப்புத் துளி லென்ஸைத் தின்றுவிட்டது. கூட வந்த பிளாஸ்டிக் பிராக்கெட் சித்திரை வெயிலில், தகர ஷெட்டுக்குள், தானாகவே தொங்கிப்போனது. அலுமினியத்தில் நாங்களே செய்துகொண்டோம்.

இப்போதைய நடைமுறை: டார்ச் கழன்றால் காந்த முகத்தை டேப் ஒட்டி உரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், துணி தூசியை நகர்த்தத்தான் செய்யும். மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் டார்ச்சைப் பார்க்க வேண்டும். வேஸ்ட் தகட்டில் ஒரு பியர்ஸ் போட்டு, அங்கேயே எக்ஸ், ஒய் அளவைப் பூஜ்யமாக்கி, லேசர் கோட்டை அந்த ஓட்டை மேல் கொண்டுவந்தால் டிஸ்ப்ளேயில் வருவதுதான் ஆஃப்செட். சந்தேகம் இருந்தால் ஒரு சதுரம் வெட்டுங்கள். வெட்டு முகம் நாலு பக்கமும் ஒரே மாதிரி சரிந்தால் டார்ச் உயரக் கோளாறு. எதிரெதிர்ப் பக்கங்கள் எதிரெதிராகச் சரிந்தால் டார்ச்தான் சாய்ந்திருக்கிறது. பத்து நிமிஷ வேலை. நைட் ஷிஃப்ட் பையன் இதைத் தாண்டிப் போகிறான், சீசனில் அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் தம்பிக்கு என் பதில் அதேதான்: முதல் வருஷம் மாட்டாதே. மூலைமட்டத்தோடு டார்ச்சைப் பழகு. உன் சுவரோரம் தகடு சேரட்டும், அப்புறம் பேசலாம்.

நான் நேற்று சாயங்காலம் லேசரைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஆஃப்செட் எக்ஸ் 62.4, ஒய் 3.1. டார்ச்சைச் சுமக்கும் குறுக்குச் சட்டமான கேன்ட்ரி மேல் மார்க்கரால் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன்.