கொழும்பில் 19 நாள் நின்ற என் கன்டெய்னர்: ரீஃபர் புக் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று சாயங்காலம் துபாயிலிருந்து அழிப்புச் சான்றிதழ் மெயிலில் வந்தது. 1,100 அட்டைப்பெட்டி, 11 டன் ஃப்ரோசன் தேங்காய்த் துருவல், அத்தனையும் குப்பைக்குப் போயாச்சு. எனக்கு நஷ்டம் 16,40,000 ரூபாய். சரக்கு 13,20,000, கப்பல் வாடகை 1,85,000, துறைமுகச் செலவும் அழிப்புச் செலவும் 1,35,000. கெட்டுப்போன சரக்கை அழிப்பதற்கும் நானே காசு கட்டினேன். ராத்திரி பூரா தூக்கம் இல்லை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னைப்போல் சின்ன அளவில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு உதவட்டும்.

தென்காசிப் பக்கம் நானும் தம்பியும் ஒரு யூனிட் நடத்துகிறோம். 14 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கொட்டாங்கச்சி நீக்கி, பழுப்புத் தோலைக் கத்தியால் சீவி, கழுவித் துருவி, 400 கிராம் பாக்கெட்டாகப் போட்டு உறைய வைப்போம். மூன்று வருடமாகத் தூத்துக்குடி ஏஜென்ட் ஒருவர் மூலம்தான் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு தடவைகூடப் புகார் வந்ததில்லை. இந்தத் தடவை அவர் 20 அடி ரீஃபருக்கு, அதாவது குளிர்பதன கன்டெய்னருக்கு, 2,55,000 கேட்டார். ஆன்லைனில் கன்டெய்னர் புக் செய்யும் தளம் ஒன்றில் அதே பெட்டிக்கு 1,85,000 காட்டியது. டைரக்ட் சர்வீஸ், 12 நாள், இன்ஷூரன்ஸ் உட்பட என்று போட்டிருந்தது. 70,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்தேன்.

ஆனால் காசுக்காக மட்டும் நான் விழவில்லை. தளத்திலிருந்து பேசிய பையன் முதலில் "சார்" என்றுதான் ஆரம்பித்தான். தென்காசி என்றதும் "அண்ணாச்சி, நானும் அந்தப் பக்கம்தான். உங்க பெட்டி ஜெபல் அலியில இறங்குற வரைக்கும் என் பொறுப்பு" என்றான். ஒவ்வொரு சரக்கிலும் நாங்கள் ஒரு சின்ன டெம்பரேச்சர் லாகரை (வெப்பநிலையைப் பதிந்துகொண்டே வரும் கருவி) அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவது வழக்கம். "ரீஃபர்லயே லாகர் இருக்கு அண்ணாச்சி, தனியா எதுக்கு செலவு? எப்ப கேட்டாலும் டவுன்லோடு எடுத்துத் தர்றோம்" என்றான். நம்பினேன். அன்றைக்கு அந்த லாகரை வைத்திருந்தால் இன்றைக்கு என் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.

ஸ்டஃபிங் அன்று, அதாவது கன்டெய்னரில் சரக்கை ஏற்றிய அன்று, எங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை. ரீஃபர் என்பது ஏற்கெனவே உறைந்திருக்கும் சரக்கின் குளிரைக் காக்கிற பெட்டி. சூடான சரக்கை அது உறைய வைத்துத் தராது. அதனால் ஏற்றும்போதே சரக்கு மைனஸ் 18க்குக் கீழே இருக்க வேண்டும். ஐந்து இடத்தில் பெட்டியைப் பிரித்து, நடுவில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்திப் பார்த்தோம். ஐந்திலும் மைனஸ் 19, 20. உள்ளே வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு அட்டைகூட அடுக்கவில்லை. தரைப் பள்ளங்கள் வழியாகக் குளிர்காற்று ஓட வேண்டும் என்பதால் எதையும் அடைக்கவில்லை. தேதி, நேரத்தோடு போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள்தான் டிராக்கிங்கில் பெட்டி கொழும்பில் இருப்பது தெரிந்தது. "டைரக்ட்னு போட்டிருந்தீங்களே தம்பி?" என்றேன். "டிரான்ஷிப்மென்ட் சகஜம் அண்ணாச்சி, ரெண்டு நாள்ல ஏறிடும்" என்றான். நடுவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவதுதான் டிரான்ஷிப்மென்ட். ஏறவில்லை. ஒரு கப்பல் போனது, அடுத்த கப்பலும் போனது. 19 நாள் பெட்டி கொழும்பு யார்டிலேயே நின்றது. பிளக்கில்தான் இருக்கிறதா, கரண்ட் ஓடுகிறதா என்று தினமும் கேட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினான். ரீஃபரின் திரையில் மைனஸ் 18.0. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. தம்பியிடமும் காட்டினேன், துபாய்க்காரருக்கும் அனுப்பினேன்.

அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. அந்தத் திரையில் இரண்டு எண் தெரிய வேண்டும். ஒன்று செட் பாயிண்ட், அதாவது நாம் வைக்கச் சொன்ன அளவு. இன்னொன்று பெட்டிக்குள் ஓடும் காற்றின் உண்மையான வெப்பநிலை. எனக்கு வந்த படத்தில் ஒரு எண்தான் இருக்கிறது, மற்றது வெட்டப்பட்டிருக்கிறது. கன்டெய்னர் நம்பரும் படத்தில் இல்லை. அது என் பெட்டிதானா என்றே இன்று என்னால் சொல்ல முடியாது.

12 நாள் என்றது 31 நாள் ஆனது. துபாயில் கதவைத் திறந்தபோது உள்ளே மைனஸ் 17. தெர்மாமீட்டர்படி எல்லாம் சரி. ஆனால் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் செங்கல். துருவல் உதிரவில்லை, ஒரே கட்டியாக இருந்தது. பாக்கெட்டின் அடியில் தண்ணீர் இறங்கிப் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. அடி வரிசை அட்டைகள் நனைந்து நசுங்கியிருந்தன. வெட்டி இளக வைத்தால் புளிச்ச வாடை. ஒரு முறை உருகி மறுபடியும் உறைந்த சரக்கு அது. கப்பலிலிருந்து இறக்கி ஏற்றும்போது சில மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருப்பது வழக்கம்தான், அதைப் பெட்டி தாங்கும். 11 டன் இந்த அளவுக்கு உருக வேண்டுமென்றால் நாள் கணக்கில் குளிர் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். துபாய்க்காரர் நல்ல மனிதர். "அண்ணே, இதை நான் கடையில வைக்க முடியாது, மன்னிச்சிக்கோங்க" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. லாகர் பதிவைக் கேட்டேன். மணிக்கு மணி எத்தனை டிகிரி இருந்தது என்று ரீஃபரே பதிந்து வைத்திருக்கும். எந்தத் தேதியில், எத்தனை நாள் குளிர் நின்றது என்பது அதில் தெரிந்துவிடும். "ரிக்வெஸ்ட் போட்டாச்சு சார்." அண்ணாச்சி போய் மறுபடி சார் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அந்தப் பையன் போனையே எடுக்கவில்லை. வேறொரு பெண் பேசினார்: "நாங்க வெறும் தளம் சார், ஃபார்வர்டரைக் கேளுங்க." ஃபார்வர்டர் என்பவர் கப்பலில் இடம் பிடித்துத் தரும் இடைத்தரகர். அவர் சொன்னது: "டெலிவரி மைனஸ் 17ல ஆயிருக்கு, நாங்க என்ன பண்ண? நீங்க சூடான சரக்கை ஏத்தியிருப்பீங்க." ஐந்து போட்டோவையும் அனுப்பினேன், பதில் இல்லை. கப்பல் கம்பெனிக்கே எழுதினேன். அவர்கள் பதில் ஒரே வரி: மாஸ்டர் பிஎல்லில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது, பில் ஆஃப் லேடிங்) உங்கள் பெயர் இல்லை, எங்கள் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். என் கையில் இருப்பது ஃபார்வர்டர் கொடுத்த ஹவுஸ் பிஎல். கப்பல் கம்பெனியின் கணக்கில் சரக்கு அனுப்பியவர் அந்த ஃபார்வர்டர்தான். 16,40,000 ரூபாய் போன என்னை அவர்களுக்கு யாரென்றே தெரியாது.

இன்ஷூரன்ஸ் கேட்டேன். "இன்ஷூரன்ஸ் உட்பட" என்று தந்தது கார்கோ கிளாசஸ் சி என்ற பாலிசி. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால், மோதினால் காசு வரும். குளிர் போனதற்கு அதில் ஒரு பைசா கிடையாது. புக் செய்யும்போது இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து படிக்காதது என் தப்பு.

எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நேரம் இல்லை, அவசரத்துக்குச் சொல்லிவிடுகிறேன். சொந்த லாகர் இல்லாமல் ஒரு பெட்டிகூட அனுப்பாதீர்கள், எவன் என்ன சொன்னாலும். போட்டோ கேட்டால் திரையின் இரண்டு எண்ணும் கன்டெய்னர் நம்பரும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். மாஸ்டர் பிஎல் யார் பெயரில் வரும் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். உறைந்த சரக்குக்கு ஃப்ரோசன் ஃபுட் கிளாசஸ் ஏ என்ற இன்ஷூரன்ஸ் தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள். அதிலும் குளிர்பதன இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் காசு என்று நிபந்தனை உண்டு. சரக்கு கெட்டிருந்தால் மூன்று நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வழக்குப் போட ஒரு வருடம்தான் கெடு.

எனக்கு அந்தக் கெடுவில் இன்னும் பத்து மாதம் இருக்கிறது. திங்கட்கிழமை மதுரையில் வக்கீலைப் பார்க்கிறேன். அவர் முதலில் கேட்டது மாஸ்டர் பிஎல் நகல். அதை எனக்கு இன்றுவரை யாரும் தரவில்லை. 14 பேருக்கும் இந்த மாதச் சம்பளத்தைத் தம்பி நகையை வைத்துக் கொடுத்திருக்கிறான்.