யோகா கிளாஸுக்கு வருடப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனிக்க: என் 23,600 ரூபாய் போன கதை

திருப்பூரில் யோகா கிளாஸ் சேரலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அதிலும் முதுகு வலி கழுத்து வலிக்காகச் சேரப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 23,600 ரூபாய். ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு எனக்குக் கிடைத்தது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிய வலியும், "ரீஃபண்ட் பாலிசி இல்லீங்க்கா" என்ற பதிலும்தான். நேற்று சாயங்காலம்கூட நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுவது முன்னே பின்னே இருக்கும்.

இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எந்த மாதிரி இடம் என்று சொல்கிறேன். மெயின் ரோட்டில் மாடியில் கண்ணாடி போட்ட ஹால், ஏசி, வாசலில் புத்தர் தலை, உள்ளே ஊதுபத்தி வாசம், சுவரெல்லாம் "அமைதி", "ஆரோக்கியம்" என்று பெரிய எழுத்து. நாலைந்து ஊரில் கிளை இருப்பதாகச் சொல்வார்கள். இந்த மாதிரி இடம் கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி எங்கும் இப்போது இருக்கிறது.

நான் பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் நாற்காலிதான், ஷிப்மெண்ட் சமயத்தில் கேட்கவே வேண்டாம். இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எம்ஆர்ஐ ஸ்கேன் சொன்னது. எலும்பு டாக்டர் மாத்திரை கொடுத்து வலி அடங்கிய பிறகு, "நல்லாத் தெரிஞ்சவங்ககிட்ட யோகா கத்துக்கங்க, குனிஞ்சு பண்றது மட்டும் வேண்டாம்" என்றார். அப்படித்தான் அந்த இடத்தின் இலவச டெமோ கிளாஸுக்குப் போனேன். அதற்கு முன் வாழ்க்கையில் யோகா செய்ததில்லை.

டெமோ எடுத்தவர் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன், குரலே உயர்த்தாத மனிதர். கிளாஸ் முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரச் சொல்லி, "ரிப்போர்ட் கொண்டாந்திருக்கீங்களா அம்மணி?" என்று கேட்டார். கவரைப் பிரித்து ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தார். என் டாக்டர்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. அப்புறம், "உங்களுக்குக் குனியற ஆசனம் எதுவும் ஆறு மாசத்துக்கு வேண்டாமுங்க. பச்சிமோத்தானாசனம், ஹலாசனம் பக்கமே போகாதீங்க. மகராசனம், கொஞ்சம் கொஞ்சமா புஜங்காசனம், பொறவு மூச்சு. அது போதும் அம்மணி. அவசரமே வேண்டாம்" என்றார். மகராசனத்தில் குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, "இப்ப இடுப்பு லேசாகுதுங்களா?" என்றார். லேசானது. மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த இடம் அந்த ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தது. அவர் சொன்னதும் என் டாக்டர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. இதற்கு மேல் நம்புவதற்கு ஒருத்திக்கு என்ன வேண்டும்?

கீழே இறங்கினால் கவுண்டரில் ஒரு பெண். "தீபாவளி ஆஃபர் இன்னிக்கோட முடியுதுங்க்கா, மாசம் மாசம்னா 3,000, வருசத்துக்குன்னா எல்லாம் சேர்த்து 23,600 தானுங்க." நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மேல இருக்கிற அய்யாதான் எடுப்பாருங்களா?" அதற்கு அந்தப் பெண் கண்ணைப் பார்த்துச் சொன்னது, "ஆமாங்க்கா, காலைல ஆறு மணி பேட்ச் முழுக்க அவருதானுங்க." அந்த வார்த்தைக்குத்தான் பணம் கட்டினேன். ஏசிக்கோ புத்தர் சிலைக்கோ இல்லை. போனஸ் பணம் கையில் இருந்தது, அங்கேயே ஜிபேயில் 23,600 அனுப்பினேன். மேட்டும் அவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம், அது தனியாக 1,850. அந்த மேட்டின் ஊதாச் சாயம் முதல் வாரமே வியர்வையில் உள்ளங்கையில் ஒட்டியது. சாயப்பட்டறை ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், சாயம் நிற்காத சரக்கைப் பார்த்தாலே தெரியும். வீட்டில் இருக்கிற பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரித்தால் அதைவிட நன்றாக இருக்கும்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போனால் அந்தப் பெரியவர் இல்லை. காதில் மைக் மாட்டிய ஒரு பையன், ஸ்பீக்கரில் தடதடவென்று பாட்டு. ஹாலில் முப்பது பேர் இருப்போம், மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வந்தவுடன் சூரிய நமஸ்காரம், நிற்காமல், ரவுண்டு ரவுண்டாக. புதிதாக வந்தவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு நிலை இருக்கிறது அதில், எதற்கு மூச்சை இழுப்பது, எதற்கு விடுவது என்று தெரியாதவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தோம். பின்னால் வளையும்போது இழுக்க வேண்டும், முன்னால் குனியும்போது விட வேண்டும் என்று நான் யூட்யூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு அம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், அவருக்கும் மூச்சை வெடுக் வெடுக்கென்று வெளியே தள்ளும் கபாலபாதி, வேக வேகமாக. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதைச் செய்யக் கூடாது என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் சவாசனம் என்று படுக்க வைத்தார்கள், வியர்வைகூடக் காயவில்லை, அதற்குள் அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது, எழுந்திரிங்க எழுந்திரிங்க.

பெரியவர் எங்கே என்று கேட்டேன். "ஊருக்குப் போயிருக்காருங்க்கா." அடுத்த வாரமும் ஊர்தான். அப்புறம் அங்கே தூத்துப் பெருக்குகிற அக்காதான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், அவரை டெமோ நாட்களில் மட்டும்தான் கூப்பிடுவார்களாம், நாளுக்கு இவ்வளவு என்று சம்பளமாம். அவரைக் காட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவருக்கு இது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

மைக் பையனிடம் என் டிஸ்க் விஷயத்தை முதல் நாளே சொன்னேன். "சரிங்க்கா, முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்க" என்றான். அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பச்சிமோத்தானாசனம் செய்யச் சொன்னான். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து கட்டை விரலைப் பிடிப்பது. நான் குனியாமல் நேராக உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்து, "பயப்படாதீங்க்கா, மூச்சை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் முதுகை அமுக்கினான். வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன், பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இறங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து அம்மாதான் தோளைக் கொடுத்து வெளியே கூட்டி வந்தார். அந்தப் பையன் சொன்னது, "முதல்ல அப்படித்தானுங்க்கா இருக்கும், உள்ள இருக்கிற டாக்ஸின் வெளிய வருது." நரம்பு அழுந்தின வலிக்கு டாக்ஸினாம்!

டாக்டர் சியாட்டிகா என்றார், அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி, யார் குனிய வைத்தது என்று கேட்டு அவருக்கே கோபம் வந்துவிட்டது. படுக்கை, ஊசி, மாத்திரை, ஆபீஸில் சம்பளமில்லாத லீவு. அதையெல்லாம் விரித்து எழுதவில்லை.

படுத்துக்கொண்டே வாட்ஸப்பில் எழுதினேன், டாக்டர் சீட்டையும் அனுப்பினேன், 23,600 திருப்பிக் கொடுங்கள் என்று. இரண்டு நீல டிக். பதில் இல்லை. போன் செய்தால், "மேனேஜர் கோயமுத்தூர் போயிருக்காருங்க." அடுத்த தடவை, "ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்கோமுங்க." அதற்கு அடுத்த தடவை போனே எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நேரில் போனார், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "அக்கா ரெஸ்ட் எடுத்துட்டு வரட்டுங்க சார், நாங்க ஒரு மாசம் எக்ஸ்ட்ரா தர்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நானே போனேன். அப்போது புதுசாக ஒன்று: பணம் வராதாம், வேண்டுமானால் மெம்பர்ஷிப்பை வேறு யாருக்காவது மாற்றி விடலாமாம், அதற்கு 2,000 ரூபாய் ட்ரான்ஸ்ஃபர் சார்ஜாம். என் பணத்தை இன்னொருத்தருக்கு விற்க நான் இன்னும் 2,000 கட்ட வேண்டுமாம். அவர்கள் வாட்ஸப் குரூப்பில் நடந்ததை எழுதினேன், உடனே குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ரசீதையும் சொல்ல வேண்டும், அதில்தான் அவர்கள் லட்சணம் தெரிந்தது. பணம் கட்டிய அன்று கொடுக்கவில்லை, விடாமல் கேட்ட பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது. கட்டணம் 20,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,600, மொத்தம் 23,600. ஜிஎஸ்டி எண் எங்கே? இல்லை. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் 33-ல் ஆரம்பிக்கும் 15 இலக்க எண் பில்லில் இருந்தே ஆக வேண்டும். அது மட்டும் இல்லை, ஜிம், சலூன், யோகா சென்டர் இதற்கெல்லாம் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நான் கட்டியது தீபாவளி முடிந்து, அதாவது அக்டோபர் 20-க்கும் பிறகு. 20,000-க்கு 5 சதவீதம் 1,000 ரூபாய்தான். வாங்கியது 3,600. மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவளிடமே இந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள் என்றால், தெரியாதவர்களிடம் எவ்வளவு பறிப்பார்கள்? கேட்டதற்கு, "ஆடிட்டரைக் கேட்டுச் சொல்றோமுங்க." ஆடிட்டர் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மேனேஜரே இருந்தார். சட்டப்படி பேசினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று இருக்கிறது, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "கேஸ் போட்டுக்குங்க மேடம், வக்கீல் ஃபீஸே உங்களுக்கு 23,600-க்கு மேல ஆயிடும்" என்றார். அந்த நிமிஷம் கை கால் நடுங்கிவிட்டது எனக்கு. அது பொய் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்: மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வீட்டிலிருந்தே, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன்.

யோகாவையே குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஆபீஸ் செக்கிங் பிரிவு அக்கா வருஷக்கணக்காக, வேதாத்திரி மகரிஷியின் எளிய பயிற்சிகளைச் சொல்லித் தரும் மனவளக்கலை மன்றத்துக்குப் போகிறார், கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சு, மகராசனம் என்று நிதானமாகத்தான் சொல்லித் தருகிறார்களாம், பைசாவும் பெரிதாக ஆகவில்லை. ஆழியாறில் அந்த மகரிஷி அறிவுத் திருக்கோயில் என்ற ஆசிரமத்தை அமைத்த வட்டாரத்துக்காரர்கள் நாம், நம்மிடமே இப்படி ஒரு வியாபாரம் நடக்கிறதே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்தப் பெரியவர் துண்டை மடித்து வைத்த அந்த ஒரு நிமிஷமும் பொய் இல்லை, அதை முன்னால் வைத்துத்தான் 23,600 எடுத்தார்கள்.

சேருகிறவர்கள் என்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், உட்கார முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வருடப் பணம் கட்டவே கட்டாதீர்கள், ஒரு மாதம் மட்டும். டெமோ எடுத்தவர்தான் கிளாஸ் எடுப்பார் என்றால் அதை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். சொல்லித் தருபவர் எங்கே படித்தார், ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றிதழ் வாரியத்தில் தேறியவரா என்று கேளுங்கள். டிஸ்க், பிரஷர், கண் அழுத்தம், கழுத்துத் தேய்மானம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், குனிவதும் தலைகீழாக நிற்பதும் எல்லோருக்கும் ஆகாது. யாரையும் முதுகில் கை வைத்து அமுக்க விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பல இடத்தில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, வலிக்காகப் போகிறவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

இதே மாதிரி இடத்தில் ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள் பில்லை எடுத்து ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். பில்லே தரவில்லை என்றால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸப் பேச்சையும் வேறு போனுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், குரூப்பிலிருந்து உங்களையும் எடுத்துவிடுவார்கள்.