குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தேட: இணையத் தேடிகளா, சொந்தப் பட்டியலா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அடிக்கடி எழும் தேவை இது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் அறிந்த மொழிகளில் எழுத்தைப் பார்த்தால் ஒலியைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடப்பதில்லை. ஆகவே ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களை ஒன்றாகத் திரட்டிக் கொடுத்துப் பழக்க வேண்டியிருக்கிறது. அவற்றைத் திரட்டுவதற்கு இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இணையத்தில் உள்ள சொல் தேடித் தளங்கள். மற்றொன்று, சொற்பட்டியல் ஒன்றைக் கணினியில் இறக்கிவைத்து நாமே வடிகட்டிக்கொள்வது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தி வருகிறேன். இந்த ஒப்பீடும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒப்பிடுவதற்கு முன் தேடல் எத்தகையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டி, ஈ, ஏ (T, E, A) ஆகிய மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். அவை இதே வரிசையில் அடுத்தடுத்து வர வேண்டுமென்றால் டீம், ஸ்டீம், இன்ஸ்டெட் போன்றவை கிடைக்கும். எந்த வரிசையிலாவது, வேறு எழுத்துகளோடு கலந்து வந்தாலும் போதுமென்றால் வாட்டர், பிளேட், எலிஃபன்ட் ஆகியவையும் சேரும். இந்த மூன்றை மட்டுமே கொண்ட சொற்கள் வேண்டுமென்றால் டீ, ஈட், ஏட் என்று பட்டியல் மிகச் சுருங்கிவிடும். மூன்றும் வெவ்வேறு தேடல்கள். எந்தக் கருவி நல்லது என்பது இவற்றில் எது நமக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது.

அச்சு அகராதி முதலெழுத்து வரிசையில் அமைந்தது என்பதால், சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வரும் எழுத்துகளைத் தேட அது உதவாது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைக் கேட்பவர்களும் உண்டு. அவை சொற்களைத் தனித்தனி எழுத்துகளாக அல்லாமல் துண்டுகளாகக் கையாள்பவை என்பதால், கேட்ட எழுத்தே இல்லாத சொல்லையும் பட்டியலில் சேர்த்துவிடுவதுண்டு. ஒவ்வொரு சொல்லையும் நாமே மறுபடி சரிபார்க்க வேண்டுமென்றால் அந்த உதவியால் பெரிய பயனில்லை.

இணையத் தேடிகளின் வலிமையை மறுக்க முடியாது. ஒன்லுக் தளத்தில் கேள்விக்குறி ஓர் எழுத்தையும், நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளையும் குறிக்கும். உயிரெழுத்து மட்டும், மெய்யெழுத்து மட்டும் என்று கேட்பதற்கும் தனிக் குறிகள் உண்டு. கையில் உள்ள ஏழு எழுத்துகளைக் கொண்டு என்னென்ன சொற்கள் அமையும் என்ற ஸ்கிராபிள் வகைக் கேள்விக்கு, அதற்கென அமைந்த தளங்கள் நொடியில் விடை தருகின்றன. அந்த வேலைக்கு அவற்றையே நானும் பரிந்துரைப்பேன்.

குறை அவற்றின் அடியில் உள்ள பட்டியலில் இருக்கிறது. விளையாட்டுக்கான தளங்கள் பலவும் போட்டிகளில் ஏற்கப்படும் சொற்களின் பட்டியல்களையே நம்பியிருக்கின்றன. காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் மட்டும் சுமார் 2,80,000 சொற்கள் உள்ளன. ஐ, ஜி, எச் என்ற கூட்டத்தைத் தேடினால் நைட், லைட், ஹை ஆகியவற்றோடு பைட் (bight), டைட் (dight), வைட் (wight) என்று ஆங்கிலேயரே இன்று அரிதாகப் பயன்படுத்தும் சொற்களும் வந்து நிற்கும். அவற்றை இன்று நீக்கிவிட்டுப் பயிற்சித்தாள் தயாரித்தாலும், அடுத்த முறை தேடும்போது அதே சொற்கள் மீண்டும் வரும். அத்துடன், மலையோரப் பள்ளிகளில் இணைய இணைப்பு வேண்டிய நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிப் பாடவேளையைத் திட்டமிட முடியாது.

சொந்தப் பட்டியலைத் தொடங்குவது கடினமன்று. எனேபிள் என்ற பட்டியல் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுவுடைமை. ஏறத்தாழ 1,73,000 சொற்கள் இருந்தும் கோப்பின் அளவு 2 எம்.பி.க்குள் அடங்கும். அதை எக்ஸெலில் திறக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. புதிய வடிவத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கொள்ளும். மேலும், ட்ரூ, ஃபால்ஸ் ஆகிய இரண்டு சொற்களையும் எக்ஸெல் சொற்களாக அல்லாமல் 'சரி', 'தவறு' என்ற தர்க்க மதிப்புகளாகக் கருதி மாற்றிவிடும் என்பதால், கோப்பை எக்ஸெலுக்குள் கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட வேண்டும். பிறகு ஃபில்டரில் எழுத்துக்கூட்டத்தைத் தட்டினால் போதும். வரிசை மாறி வரும் எழுத்துகளுக்கு கஸ்டம் ஃபில்டர் இரண்டு நிபந்தனைகளையே ஏற்கும். மூன்று, நான்கு எழுத்துகள் என்றால் சர்ச், கவுன்ட் ஆகிய ஃபார்முலாக்களை இணைத்துப் பக்கத்து நெடுவரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். ஈ என்ற எழுத்து இரண்டு முறை வர வேண்டுமானால், இரண்டு ஈ-க்களுக்கு இடையிலும் இருபுறமும் நட்சத்திரக்குறி இட வேண்டும்.

இவ்வளவு மட்டுமே என்றால் இணையத் தளமே எளிது என்று ஒருவர் வாதிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது, பட்டியலின் பக்கத்தில் நாமே சேர்க்கக்கூடிய நெடுவரிசைகள்தான். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் லாரிகளை நிறுத்தும் எடைமேடைகளில் 'வே பிரிட்ஜ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்த வே என்ற சொல்லிலும் ஐ, ஜி, எச் கூட்டமே இருக்கிறது; முன்னால் ஓர் ஈ நிற்பதால் ஒலி மாறிவிடுகிறது. எய்ட், வெய்ட், நெய்பர் ஆகியவை அதன் பக்கம் நிற்க, அதே ஈ முன்னால் இருந்தும் ஹைட் மட்டும் நைட், லைட் பக்கம் போய்விடுகிறது. எழுத்தை மட்டும் தேடும் எந்தத் தளமும் இவற்றைப் பிரித்துத் தராது. என் கோப்பில் ஒலிக்கென ஒரு நெடுவரிசை உண்டு. அதில் ஐ என்றும் ஏ என்றும் குறித்திருப்பதால், எழுத்தையும் ஒலியையும் சேர்த்து வடிகட்ட முடிகிறது. ஓ, யூ, ஜி, எச் கூட்டத்துக்கு இந்த நெடுவரிசை இல்லாமல் பாடமே நடத்த முடியாது: தோ, த்ரூ, டஃப், காஃப் ஆகிய நான்கும் அதே எழுத்துகளில் நான்கு வகையாக ஒலிக்கின்றன.

இன்னொரு நெடுவரிசை, சொல் எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்பது. இதை முதலிலிருந்து நிரப்புவதற்குப் பதில், 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்டை அடிப்படையாகக் கொள்ளலாம். சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியல் அது. அவர் டாக்காவில் கல்விப் பணியாற்றியவர் என்பதால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத வகுப்பறையை நன்கு அறிந்தவர். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஃபார்முலா மூலம் தானாகவே குறித்துவிட்டு, பாடப்புத்தகத்தில் வருபவற்றை மட்டும் கையால் சேர்க்கலாம். பன்மை, இறந்தகால வடிவங்கள் மூலச்சொல்லுக்குள் அடங்கியிருப்பதால் அவற்றைத் தனியே குறிக்க வேண்டியிருக்கும். இதுதான் இந்த வழியின் உண்மையான பராமரிப்பு வேலை. சலிப்பூட்டும் வேலையும் கூட. ஆனால் ஒருமுறை குறித்த சொல்லை மறுபடி குறிக்க வேண்டியதில்லை, ஒதுக்கிய சொல் மறுபடி முன்னால் வருவதில்லை, பாடவேளை தோறும் கோப்பு நம் பிள்ளைகளுக்கு ஏற்றதாக மாறிக்கொண்டே வருகிறது.

கைபேசியில் இவ்வளவு பெரிய கோப்பை வைத்து நான் அதிகம் வேலை செய்ததில்லை. அங்கே வடிகட்டுவது மெதுவாகவே நடந்தது என்பது மட்டும் என் அனுபவம். பள்ளிக் கணினி ஆய்வகத்தில் எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். அதன் ஸ்டாண்டர்ட் ஃபில்டர் இரண்டுக்கு மேற்பட்ட நிபந்தனைகளை ஏற்பதால், வரிசை மாறிய எழுத்துத் தேடலுக்கு அதுவே வசதி. கோப்பை வெறும் எழுத்துக் கோப்பான சி.எஸ்.வி. வடிவத்தில் சேமிக்காமல் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வடிவிலேயே வைத்து, ஒரு நகலைப் பென் டிரைவில் பத்திரப்படுத்துவது நல்லது, சி.எஸ்.வி.யாக்கினால் ஃபார்முலாக்கள் மறைந்து வெறும் மதிப்புகளே மிஞ்சும், எக்ஸெலில் மறுபடி திறக்கும்போது அந்த ட்ரூவும் ஃபால்ஸும் மீண்டும் மாறிவிடும்.