புயலைப் பார்க்க: செயற்கைக்கோள் படமா, ரேடாரா?

வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்ததும் கைபேசியில் எதைத் திறப்பது என்று பலருக்குக் குழப்பம். இரண்டுமே இலவசம், வானிலைத் துறையின் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் காட்டுவது வேறு வேறு.

எட்டும் தூரம்
செயற்கைக்கோள்: இன்சாட்-3டிஆர் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வங்கக்கடல் முழுவதையும் பார்க்கிறது.
ரேடார்: தரையில் நிற்பது, எட்டுவது சில நூறு கி.மீ.தான். பூமி வளைந்திருப்பதால், தூரம் கூடக்கூட அது அனுப்பும் அலைக்கதிர் மேகத்தின் உச்சியை மட்டுமே தொடும்.

பிறப்பு
செயற்கைக்கோள்: இதில் போட்டியே இல்லை. பொதுவாக 26.5 டிகிரிக்கு மேல் சூடேறிய கடலின் நீராவி மேலெழுந்து, குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளிவிடும். புயலுக்குத் தீனி அதுதான். சிதறிக் கிடக்கும் இடிமேகங்கள் ஒன்றுகூடிச் சுழலத் தொடங்குவதைப் படத்தில் பார்க்கலாம்.
ரேடார்: நடுக்கடல் எட்டாது.

உள்ளே இருப்பது
செயற்கைக்கோள்: மேலே படர்ந்த பனிப்படிக மேகம் உள்ளே நடப்பதை மறைத்துவிடும். அகச்சிவப்புப் படத்தில் அடர் சிவப்பாகத் தெரிவது குளிர்ந்த மேக உச்சி. அங்கெல்லாம் பேய்மழை என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பில் பரப்புவோர் கவனிக்க!
ரேடார்: மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலை என்பதால் கண் (புயலின் அமைதியான நடுப்பகுதி), அதைச் சூழ்ந்த மேக வளையமான கண்சுவர், மழைப்பட்டைகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். டாப்ளர் வகையில் காற்றின் வேகமும் கிடைக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை நெருங்கியபோது அதன் கண் ரேடாரில் தெரிந்தது.

சரி, எது யாருக்கு? புயல் உருவாகுமா, எந்தப் பக்கம் போகும் என்று சில நாள் முன்பே கவனிப்பவருக்குச் செயற்கைக்கோள். இன்னும் ஒரு மணி நேரத்தில் நம் தெருவில் மழையா என்று கேட்பவருக்கு ரேடார். ஆனால் புயல் தலைக்கு மேல் வரும்போது ரேடாரே பழுதாகி நின்றுவிடலாம். அப்போது மறுபடி செயற்கைக்கோள்தான்.